கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கூண்டு

சைதாப்பேட்டை பஜார் ரோட்டில் அறுந்த கொலுசைப் பற்றவைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பத்தர் ஒட்டுவாயில் வெண்காரம் தடவித் தீயைக் காட்டினார். அது பொங்கி, உருகி, கண்ணாடியாய்ப் படர்ந்தது. வெள்ளியின் மேலிருந்த அழுக்குப் படலத்தை அது கரைத்துவிட, பற்றவைக்கும் பொடி சுலபமாக ஓடிப் பிடித்துக்கொண்டது. வெண்காரத்துக்குள் இருப்பது போரான் என்ற தனிமம். கேரம் பலகையில் தூவுகிற போரிக் பவுடரிலும் அதுதான்.

இன்னொரு தனிமம் லாந்தனம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில், 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்த மோனசைட் மணலில் அது இருக்கிறது.

இரண்டும் சேர்ந்தால் லாந்தனம் ஹெக்ஸாபோரைடு. கத்தரிப்பூ நிறம். உருக 2,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும்.

இதன் அமைப்பைப் பார்க்க காரணீஸ்வரர் கோயில் குளக்கரைக்கு வாருங்கள். கோபுரமும் தண்ணீரில் தலைகீழாய் விழுந்த அதன் நிழலும் அடியோடு அடி ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல் உச்சியில் ஒன்று, கீழ் உச்சியில் ஒன்று, நடுவே நான்கு மூலைகளில் நான்கு: ஆறு போரான் அணுக்கள் சேர்ந்த ஓர் எண்முகி. இப்படி எட்டு எண்முகிகள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நின்று, அண்டைவீட்டு எண்முகிகளோடும் கைகோத்துக்கொள்கின்றன. நடுவே, கூண்டுக்குள், ஒரு லாந்தனம். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இத்தகைய கூண்டுகள் சுமார் 24 லட்சம் வரிசையாக நிற்கும்.

என்னை ஈர்ப்பது இதன் எலெக்ட்ரான் கணக்கு. போரானுக்கு வெளிச்சுற்றில் மூன்றே எலெக்ட்ரான்கள். அதனால் ஒவ்வொரு எண்முகிக்கும் இரண்டு குறைகிறது. எண்முகிக்கு ஒன்றாக இருக்கும் லாந்தனம் மூன்று தருகிறது. இரண்டு கூண்டைக் கட்டப் போய்விட, மிஞ்சிய ஒன்று எங்கும் உலவுகிறது. ஆகவே இந்தப் பொருள் பீங்கானைப்போல் கடினமாகவும் இருக்கிறது, உலோகத்தைப்போல் மின்சாரத்தையும் கடத்துகிறது. அதே கூண்டில் கால்சியத்தை வைத்தால் அது தருவது இரண்டுதான்; உலவ எதுவும் மிஞ்சாது.

சூடேற்றினால் இது எலெக்ட்ரான்களைத் தாராளமாக உமிழும் என்று 1951இல் அமெரிக்க ஆய்வாளர் லாஃபெர்ட்டி அறிவித்தார். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அவற்றை உமிழ டங்ஸ்டன் இழை சுமார் 2,400 டிகிரிக்குக் காய வேண்டும். இதற்கு 1,500 டிகிரியே போதும். ஆனால் இதைப் பிடித்திருக்கும் தாங்கியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். டங்ஸ்டன், டாண்டலம் போன்ற உலோகங்களைத் தொட்டபடி காய்ந்தால் போரான் அவற்றுக்குள் நழுவிவிடும், கூண்டு சரிந்துவிடும். அதனால் பெரும்பாலும் கிராஃபைட் துண்டுகளுக்கு நடுவே இறுக்கிப் பொருத்துகிறார்கள்.