பாமினியில் முடங்கிய தமிழும் சிறு மென்பொருட்களும்

கொழும்பு – கண்டி வீதியில், பித்தளைப் பொருட்களுக்குப் பெயர்பெற்ற சிறு நகரம் பிலிமத்தலாவை. 1963 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இலங்கை இறையியல் கல்லூரி இங்கு தமிழிலும் சிங்களத்திலும் போதனை நடத்தி வருகின்றது. பேராதனைப் பல்கலைக்கழகமும் அண்மையிலேயே உள்ளது. ஆய்வேடு, வினாத்தாள், ஆலய அறிக்கை, சங்கக் கூட்டக் குறிப்பு எனத் தமிழில் தட்டச்சாகும் பக்கங்கள் இத்தகைய ஊர்களில் ஏராளம். ஆனால், இருபது ஆண்டுகளுக்கு முன் தயாரித்த கோப்பொன்றை இன்று திறப்பவர்கள், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களைக் கண்டு திகைப்பதுண்டு. கோப்பு பழுதடைந்துவிட்டது என்றெண்ணி அதனை அழித்துவிடுவோரும் உளர். இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் விளக்குவது பயனுடையதெனக் கருதுகின்றோம்.

இலங்கையில் நீண்டகாலம் கோலோச்சிய எழுத்துரு பாமினி ஆகும். இது ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. ‘தமிழ்’ என்று திரையில் தெரிந்தாலும், கணினி சேமித்து வைப்பது ‘ஜே, கே, பி, ஓ’ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையுமே. எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வேடம் கலைந்துவிடுகின்றது. யூனிகோட் முறையிலோ ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண் உண்டு. ‘த’ என்ற எழுத்தின் எண் 2980. பாமினியில் அது ‘ஜே’ என்பதற்குரிய 106 இல் ஒதுங்கியிருந்தது. எனவேதான் பாமினிக் கோப்பில் ஒரு பெயரைத் தமிழில் தேடினால் கிடைப்பதில்லை.

இவ்விடைவெளியை நிரப்பியவை பெரு நிறுவனங்களின் தயாரிப்புகள் மட்டுமல்ல. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், தன்னார்வலர் முயற்சியான இ-கலப்பை, சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். ரைட்டர், சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் எழுத்துருமாற்றி போன்ற சிறு மென்பொருட்களே பலரைத் தமிழில் எழுத வைத்தன.

இவற்றுள் எது சிறந்தது என்று பயனாளர்களைக் கேட்டால் முரணான விடைகளே கிடைக்கும். தட்டச்சுப் பொறியில் பழகியவர் பாமினி விசைப்பலகையே வேகமானது என்பார். ஆங்கில ஒலிப்பின்படி எழுதும் மாணவர் அஞ்சல் முறையே எளிது என்பார். உயிரெழுத்துக்களை இடப்புறமும் மெய்யெழுத்துக்களை வலப்புறமும் கொண்ட தமிழ் 99 முறையே அறிவியல் ரீதியானது என்பார் மூன்றாமவர். மூவரும் கூறுவது தத்தம் விரல்களின் பழக்கத்தையே. ஆகவே, ஒருவரது பரிந்துரையை ஏற்குமுன் அவர் எம்முறையில் பழகியவர், எந்த விண்டோஸ் பதிப்பைப் பயன்படுத்துகின்றார் என்பதை அறிதல் வேண்டும். பாமினிப் பழக்கத்தை விடமுடியாதோர் அதனை விடவேண்டியதுமில்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகியவற்றில் பாமினி விசையமைப்பிலேயே தட்டி யூனிகோட் எழுத்தைப் பெறலாம்.

பழைய கோப்புகளை வீட்டிலேயே மீட்க விரும்புவோர் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம். முதலில் கோப்பின் பிரதியொன்றை எடுத்து, மூலத்தைத் தனியே வைத்துவிடுக. அடுத்து, எழுத்துக்களைத் தெரிவு செய்து பாமினி எழுத்துருவுக்கு மாற்றிப் பார்க்கவும்; தமிழ் தெரிந்தால் கோப்பு பழுதடையவில்லை என்பது உறுதி. மூன்றாவதாக, இடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் பிரித்து வைக்கவும். அவை தமிழ் வேடமிட்ட எழுத்துக்களா, உண்மையான ஆங்கிலமா என்பதை வெறும் எண்களைக் கொண்டு மாற்றி அறியாது. அனைத்தையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். அதன் பின்னரே மாற்றியைப் பயன்படுத்த வேண்டும்.

மாற்றிய பின்னர் ஒரு பிழையைக் கட்டாயம் தேடவேண்டும். ‘கொழும்புஇ கண்டிஇ மாத்தளை’ என்றவாறான வரிகளை வாசகர்கள் பல இடங்களில் கண்டிருப்பர். பாமினியில் காற்புள்ளியின் எண்ணில் ‘இ’ அமர்ந்திருப்பதால், வேறு எழுத்துருவில் இட்ட காற்புள்ளியும் ‘இ’ ஆகிவிடுகின்றது. தமிழ்ச் சொல் எதுவும் தனி ‘இ’ எழுத்தில் முடிவதில்லை. எனவே, ‘இ’ யும் அதனையடுத்த இடைவெளியும் சேர்ந்து வரும் இடங்களைத் தேடி, காற்புள்ளியும் இடைவெளியுமாக மாற்றினால் போதுமானது. இடைவெளியைச் சேர்க்க மறந்தால் ‘இலங்கை’ யும் ‘இ.போ.ச.’ வும் சிதைந்துவிடும்.

சிறு மென்பொருட்களில் ஆபத்தும் உண்டு. உருவாக்கியவர் கைவிட்டவை புதிய கணினியில் இயங்காமற் போகலாம். யாரோ தந்த பிரதியில் வைரஸ் ஒளிந்திருக்கலாம். விண்டோஸ் 10 இல் 2019 முதல் தமிழ் ஒலியியல் விசைப்பலகை உள்ளடங்கியுள்ளது. அதற்கான மைக்ரோசொஃப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்தது. எனவே பலர் கணினியை மாற்றும் காலமிது. பழைய கணினி கழிவாகச் செல்லுமுன் அதிலுள்ள பாமினி எழுத்துருவையும் கோப்புகளையும் பிரதி செய்துகொள்ளுதல் அவசியம்.

ஊர்ச் சங்கமொன்றின் முப்பதாண்டுக் குறிப்புகளோ, மறைந்த எழுத்தாளர் ஒருவரின் அச்சேறாத கதைகளோ அத்தகைய கணினியொன்றில் இருக்கக்கூடும். அவற்றை மீட்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை; சில மணிநேரப் பொறுமையே போதுமென்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.