நூற்றுள் மூவர்

நடக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்து, நின்றதும் விட்டுவிடும் ஒரு வலியைப் பற்றி இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768ஆம் ஆண்டு அந்நகர மருத்துவர் கல்லூரியில் எடுத்துரைத்தார். அவர் அதற்குச் சூட்டிய இலத்தீன் பெயர்தான் 'ஆஞ்சைனா' என இன்றும் மருத்துவமனைகளில் வழங்குகிறது. பிற்காலக் குறிப்புகளில் ஒரு கணக்கையும் அவர் விட்டுச் சென்றார். இந்நோயோடு தாம் கண்டோர் ஏறத்தாழ நூற்றுவர். அவர்களுள் பெண்கள் மூவர், பன்னிரண்டு அகவைச் சிறுவன் ஒருவன். எஞ்சியோர் அனைவரும் ஐம்பதை நெருங்கிய அல்லது கடந்த ஆண்கள்.

ஹெபர்டன் பிழையாக எண்ணவில்லை. தம் வாயிற்படி ஏறி வந்தவர்களை எண்ணினார். வராதவர்களை அவர் எவ்வாறு எண்ணுவார்? ஆயினும் மாரடைப்பு ஆண்களின் நோய் என்னும் எண்ணம் அதன்பின் இருநூறு ஆண்டுகளாகியும் அசையவில்லை. 1964இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் பெண்களுக்கென்றே ஓர் இதயநோய் மாநாடு கூடியது. அதன் தலைப்பு 'இதயங்களும் கணவர்களும்'. கணவன் நெஞ்சைக் காப்பதில் மனைவியின் பங்கு என்ன என்பதே அங்குப் பாடம். கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கும் இடப்பக்கத்தில் ஒன்று துடித்துக்கொண்டுதான் இருந்தது.

இத்தனைக்கும், பெண்களையும் சேர்த்து எண்ணிய ஆய்வு ஒன்று அதே நாட்டில் அப்போதே நடந்துகொண்டிருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிரேமிங்காமில் 1948இல் தொடங்கிய அவ்வாய்வில் சேர்ந்தோர் 5,209 பேர். பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஈராண்டுக்கு ஒருமுறை அழைத்துக் குருதியழுத்தம் பார்த்தனர், கொழுப்பை அளந்தனர், புகைப்பழக்கத்தைக் கேட்டெழுதினர். பின் யாருக்கு நெஞ்சடைக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 'இடர்க்காரணி' என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடுகிற சொல், அவ்வாய்வைப் பற்றி வில்லியம் கான்னலும் தோழர்களும் 1961இல் வெளியிட்ட கட்டுரையால் பரவியது.

அக்காரணிகளின் பட்டியல் இருபாலார்க்கும் பொதுவானதே. சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, புகை, நீரிழிவு, குருதிக்கொதிப்பு, கொழுப்பு, தொந்தி, மன அழுத்தம் உள்ளிட்ட ஒன்பதே காரணிகள் முதல் மாரடைப்பு இடரில் ஆண்களிடம் 90 விழுக்காட்டையும் பெண்களிடம் 94 விழுக்காட்டையும் விளக்கிவிடுகின்றன எனக் காட்டியது. பெண்களுக்கு அம்முதல் அடைப்பு ஏறத்தாழ ஒன்பது ஆண்டு பிந்தி வருவதையும் அது கண்டது. பட்டியல் ஒன்று, எடைகள்தாம் வேறு.

எடை வேறுபடுவது நீரிழிவில் தெளிவாகத் தெரிகிறது. எட்டரை இலக்கம் பேருக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி 2014இல் வந்த தொகுப்பாய்வின்படி, நீரிழிவு ஆணின் இதயத் தமனி நோய் இடரை ஏறத்தாழ 2.2 மடங்காக்குகிறது, பெண்ணின் இடரை 2.8 மடங்காக்குகிறது. இவ்விடத்தில் பலர் தடுமாறுவர். நீரிழிவுள்ள பெண், நீரிழிவுள்ள ஆணைவிட மிகுதியாக மாரடைப்புக்கு ஆளாகிறாள் என்பதன்று இதன் பொருள். கணக்குக்காக, ஓர் அகவையில் நலமுள்ள ஆண்கள் நூற்றுவரில் நால்வருக்கும் பெண்கள் நூற்றுவரில் இருவருக்கும் நோய் வருவதாகக் கொள்வோம். நீரிழிவு சேர்ந்தால் ஆண்களில் அது ஒன்பதை நெருங்கும். பெண்களில் ஆறை நெருங்கும். ஆணே இன்னும் முன்னால் நிற்கிறான். ஆனால் இயற்கை பெண்ணுக்குத் தந்திருந்த பாதி என்னும் சலுகை தேய்ந்துபோகிறது. ஏன் இப்படி என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் ஒன்றுண்டு: பெண் நீரிழிவின் எல்லைக்கோட்டை எட்டுமுன் ஆணைக் காட்டிலும் மிகுந்த எடையைச் சேர்த்துக்கொள்கிறாள், நோயின் பெயர் சூட்டப்படும் நாளில் அவள் குருதிக்குழாய்கள் நெடுந்தொலைவு கெட்டு வந்திருக்கின்றன. புகைத்தலிலும் இதே போக்குத்தான். புகைக்கும் பெண்ணின் ஒப்பீட்டு இடர் புகைக்கும் ஆணினதைவிட 25 விழுக்காடு கூடுதல் என 2011இல் கணித்தனர்.

அளவுகோலிலும் ஒரு குறை உண்டு. வரும் பத்தாண்டுகளுக்குள் மாரடைப்பு வருமா என்று கணிப்பதே நெடுங்கால வழக்கம். நாற்பத்தைந்து அகவைப் பெண்ணுக்குக் கொதிப்பும் கொழுப்பும் ஒருங்கே இருந்தாலும், அவளுக்குரிய அடைப்பு பெரும்பாலும் பத்தாண்டுக்கு அப்பால்தான் காத்திருக்கிறது. ஆகவே 'இடர் குறைவு' என்று தாள் வந்துவிடும். குறைவன்று, பிந்தியது.

அப்பிந்துதலுக்கு யார் காரணம்? மாதவிலக்கு நிற்கும்வரை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் பெண்ணைக் காக்கிறது என்ற கருத்து வலுப்பெற்றது. அதை ஆய்ந்துபார்க்க எடுத்த முதல் பெருமுயற்சிகளுள் ஒன்று யாரிடம் நடந்தது தெரியுமா? ஆண்களிடம். ஏற்கெனவே மாரடைப்புக்கு ஆளான 8,341 ஆண்களைக் கொண்டு 1960களில் அமெரிக்காவில் தொடங்கிய மருந்தாய்வில், சிலருக்குப் பெண்ணுடலின் சுரப்பை மாத்திரையாகக் கொடுத்தனர். மிகை அளவு பெற்றோர்க்கு மாரடைப்பு குறையவில்லை, கூடியது. 1970இல் அதனை நிறுத்தினர். அதன் பின்னும் நம்பிக்கை மடியவில்லை. மாதவிலக்கு நின்ற பெண்கள் 16,608 பேரிடம் நடந்த ஆய்வு 2002இல் முறித்துச் சொன்னது: ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை உண்டோரில், பதினாயிரம் பெண்களுக்கு ஓராண்டில் ஏழு இதயத் தாக்குகள் கூடுதல். ஆய்வில் சேர்ந்தோரின் சராசரி அகவை 63 என்பதும், மாதவிலக்கு நின்ற உடனே தொடங்குவோர்க்குக் கணக்கு வேறாகலாம் என்பதும் பின்னர் எழுந்த விவாதங்கள். எனினும் நெஞ்சைக் காக்கும் மருந்தாக அதனை இன்று எழுதித்தருவதில்லை. உடல் தானே சுரப்பதும் நாம் புட்டியிலிருந்து ஊட்டுவதும் ஒன்றென்று நினைத்ததே பிழை.

என்னைக் கேட்டால், பெண்ணுக்கே உரிய இடர்க்காரணிகளைத் தேட வேண்டிய இடம் மாதவிலக்கு நிற்கும் வாயில் அன்று. அதற்கு இருபது முப்பது ஆண்டு முந்திய பேறுகாலம். கருவுற்ற உடலில் குருதியின் அளவு ஏறத்தாழ பாதி கூடுகிறது. நெஞ்சு அதனை ஓய்வின்றி இறைக்கிறது. கருப்பைச் சுவரில் சுருள் சுருளாய் ஓடும் நுண்தமனிகள் தம் தசைச்சுவரை இழந்து, சிறுவாய்க்கால் ஆறாவதுபோல் அகன்றுகொடுக்க வேண்டும். அப்போதுதான் நஞ்சுக்கொடிக்குப் போதிய குருதி பாயும். சில பெண்களிடம் அவை அகல மறுக்கின்றன. பட்டினி கிடக்கும் நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் குருதியில் கொட்டுகிறது. அவை உடலெங்கும் குருதிக்குழாய்களின் உள்வரியைப் புண்படுத்துகின்றன. இருபதாம் கிழமைக்குப்பின் அழுத்தம் 140/90 கடக்கிறது, காலும் முகமும் வீங்குகின்றன, சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது. இதுவே முன்சூல்வலிப்பு. அத்தகைய கருப்பைத் தமனியை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் சில வேளைகளில் சுவரில் கொழுப்புண்ட நுரைச்செல்கள் குவிந்திருப்பதைக் காணலாம். முதியவரின் இதயத் தமனியில் காணும் அதே காட்சி, இருபத்தைந்து அகவைப் பெண்ணிடம்.

குழந்தை பிறந்து சில கிழமைகளில் அழுத்தம் இறங்கிவிடும். மாத்திரையை நிறுத்துவர்; வீட்டார் மறந்துவிடுவர். ஆனால் அப்பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதயத் தமனி நோய் வரும் இடர் ஏறத்தாழ இருமடங்கு எனப் பல ஆய்வுகளும் ஒருமித்துச் சொல்கின்றன. பேறுகாலச் சர்க்கரையும் குறைமாதப் பிறப்பும் அவ்வாறே பிற்கால இடரை முன்கூட்டிச் சொல்பவை. இவ்வகையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. உண்டிருந்தாலும் உண்ணாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி கழித்து ஒரே ஒருமுறை குருதி எடுத்து, சர்க்கரை 140ஐ எட்டியதா என்று பார்க்கும் எளிய முறையைப் பரப்பியவர் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா. வெறும் வயிற்றோடு வரச்சொன்னால் வராமலே போய்விடும் தொலைவூர்ப் பெண்ணுக்காக வகுத்த முறை அது. பிசுபிசுக்கும் அவ்வினிப்பு நீரைக் குமட்டலோடு விழுங்கிவிட்டு விசிப்பலகையில் காத்திருக்கும் பெண், தன் பிள்ளைக்காகக் காத்திருப்பதாகவே நினைக்கிறாள். அவளது ஐம்பதாம் அகவை நெஞ்சுக்கும் அதுவே ஆய்வு என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆஸ்பிரின் கதை இதனோடு ஒட்டியது. 22,071 ஆண் மருத்துவர்களிடம் நடந்த ஆய்வில், அதனை உண்டோர்க்கு முதல் மாரடைப்பு 44 விழுக்காடு குறைந்ததென 1989இல் அறிவித்தனர். 39,876 பெண்களிடம், சிறிய அளவில், பத்தாண்டு நடந்த ஆய்வின் முடிவு 2005இல் வந்தது: மொத்தத்தில் மாரடைப்பு குறையவில்லை, மூளைத்தாக்கே குறைந்தது. அதே மருந்தை இன்று, முன்சூல்வலிப்பு இடர் மிகுந்த கருவுற்ற பெண்களுக்குச் சிற்றளவில் தருகின்றனர். அங்கு அது பயன் தருகிறது.

அடைப்பு நேரும் வகையும் முற்றும் ஒன்றன்று. கொழுப்புத்திட்டு வெடித்துக் குழாய் அடைபடுவது ஆண்களிடம் மிகுதி. இளம்பெண்களிடம் திட்டு வெடிக்காமல் மேற்பரப்பு அரித்தே உறைகட்டி உருவாவதும், தமனிச்சுவர் தானே பிளந்து அடைத்துக்கொள்வதும் கூடுதலாகக் காணப்படுகின்றன. பெருங்குழாய்கள் தெளிவாக இருந்து நுண்குழாய்கள் மட்டும் சுருங்குவதும் உண்டு. அப்போது ஆஞ்சியோவில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவர். நெஞ்சுவலியே இருபாலார்க்கும் முதன்மை அறிகுறி என்றாலும், பெண்களிடம் அதனோடு மூச்சுவாங்கலும் குமட்டலும் முதுகு, தாடை வலியும் மிகுதியாகச் சேர்கின்றன. நம் வீடுகளில் அதற்கு வாய்வுப் பிடிப்பு என்று பெயர். ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கச் சொல்வர். இதயத்தசை புண்பட்டால் குருதியில் கசியும் ட்ரோபோனின் என்னும் புரதத்தின் அளவிலும் வேறுபாடுண்டு: ஒரு நுண்ணாய்வு முறையில் ஆணுக்கு எல்லை 34 என்றால் பெண்ணுக்கு 16. ஒரே எல்லை வைத்திருந்த காலத்தில் இடையில் நின்ற பெண்கள் 'இயல்பு' என எழுதப்பட்டுத் திரும்பினர்.

இதயநோய் மருத்துவரின் முன் அமரும் ஐம்பத்தெட்டு அகவைப் பெண்ணிடம் புகை உண்டா, சர்க்கரை உண்டா, அப்பாவுக்கு அடைப்பு வந்ததா என்று கேட்பர். பேறுகாலத்தில் பிரஷர் இருந்ததா என்றும் கேட்டால், அவள் சற்று வியந்து, அருகில் நிற்கும் மகனைப் பார்ப்பாள். "இவன் வயித்துல இருக்கறப்ப காலெல்லாம் வீங்கிப்போச்சு டாக்டர். எட்டாம் மாசமே எடுத்துட்டாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன?"