கண்ணில் மிகுதி, காலில் குறை: புதிய ரத்தக்குழாய்கள் செய்யும் வேலை

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்தவரின் விழித்திரையில், இருக்கவே கூடாத இடத்தில், மெல்லிய ரத்தக்குழாய்கள் புதிதாக முளைத்திருக்கும். அதே மனிதரின் பாதத்தில் ஒரு புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். அது ஆறுவதற்குப் புதிய ரத்தக்குழாய்கள் வேண்டும். அங்கேயோ அவை போதிய அளவு வளர்வதில்லை. ஒரே உடம்பு, ஒரே நோய், கண்ணில் மிகுதி, காலில் குறை. இந்த வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகள் இன்று பலருடைய பார்வையைக் காப்பாற்றுகின்றன, சில புற்றுநோயாளிகளின் ஆயுளையும் நீட்டுகின்றன. வேண்டிய இடத்தில் அதைத் தூண்டிவிடும் மருந்து மட்டும் இன்னும் சரியாகக் கைகூடவில்லை. இதற்கான காரணம் தெரிந்தால், கண் மருத்துவர் ஏன் மாதாமாதம் ஊசிக்கு வரச் சொல்கிறார் என்பதும் விளங்கிவிடும்.

ரத்தத்திலிருந்து வெளியேறும் ஆக்சிஜன் திசுவுக்குள் அதிக தூரம் போகாது. 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர், அவ்வளவுதான். அதனால்தான் உடம்பின் உயிரணுக்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு தந்துகியை, அதாவது மிக மெல்லிய ரத்தக்குழாயை, ஒட்டியே வாழ்கின்றன. ஆக்சிஜன் குறைந்தால் உயிரணு சும்மா இருப்பதில்லை. அதனுள் ஒரு புரதம் ஓயாமல் உண்டாகிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்வரை அது உண்டானவுடனேயே அழிக்கப்படுகிறது. ஆக்சிஜன் குறையும்போது அழிப்பு நிற்கிறது, புரதம் சேர்கிறது, சேர்ந்து பல மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவரும் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள்.

அப்படி முடுக்கிவிடப்படும் மரபணுக்களில் ஒன்று, ரத்தக்குழாயை வளரச் சொல்லும் ஒரு புரதத்தைச் சுரக்க வைக்கிறது. கண் மருத்துவமனைகளில் ‘வெஜ்எஃப்’ என்று காதில் விழுவது இதன் பெயர்தான். இது பக்கத்திலுள்ள ரத்தக்குழாயைத் தொட்டதும், அதன் உட்சுவரிலுள்ள உயிரணு ஒன்று நுனியாக மாறி, ஆக்சிஜன் இல்லாத திசையை நோக்கி நகர்கிறது. மற்றவை பெருகிப் பின்தொடர்கின்றன. நடுவில் துளை விழுகிறது, ரத்தம் ஓடத் தொடங்குகிறது. வேலை இத்துடன் முடிவதில்லை. வெளிப்புறத்தில் வேறுவகை உயிரணுக்கள் வந்து குழாயை அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவை வந்து சேராத குழாய் பூசாத சுவர் மாதிரி, எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். வெஜ்எஃப் மிகையாகச் சுரக்கும் இடங்களில் நடப்பது இதுதான்: அவசரத்தில் முளைத்த, பிடிப்பில்லாத, ஒழுகும் குழாய்கள்.

வளர்ந்த மனிதரின் உடம்பில் இந்தப் பணி பெரும்பாலும் ஓய்ந்தே இருக்கும். காயம் ஆறும்போது, மாதவிடாய்ச் சுழற்சியில், கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி உருவாகும்போது, உடற்பயிற்சி செய்யும் தசையில் என்று சில இடங்களில் மட்டுமே அது விழித்தெழும். மற்ற நேரத்தில் விழித்தெழுந்தால் காரணம் பெரும்பாலும் நோய்தான்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வாசகர்களில் பலருக்கு நேரடியாகத் தேவைப்படுகிற பகுதி இது. ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தே இருந்தால், விழித்திரைத் தந்துகிகளை அணைத்துப் பிடித்திருக்கும் அந்த வெளிப்புற உயிரணுக்கள் முதலில் சாகின்றன. பிறகு தந்துகிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை வெஜ்எஃப் சுரக்கிறது. அதனால் இரண்டு கேடுகள் வரலாம். ஒன்று, பழைய குழாய்களே கசிந்து, கூர்மையான பார்வைக்குரிய மையப் பகுதி நீர் கோத்து வீங்குவது. மற்றது, விழித்திரையின் மேற்பரப்பில் புதுக் குழாய்கள் முளைத்து, கண்ணின் உட்கூழுக்குள் நீள்வது. இவை ஒருநாள் உடைந்து ரத்தம் கொட்டும். கூடவே வளரும் தழும்பு விழித்திரையைப் பிய்த்து இழுக்கும். இதில் மிக மோசமான விஷயம், உடையும் நாள்வரை வலியும் இருக்காது, பார்வையும் நன்றாகவே இருக்கலாம் என்பதுதான். எழுத்துப் பலகையைத் தெளிவாகப் படிக்கிறேனே என்று யாரும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்த உடனேயும், பிறகு ஆண்டுதோறும் ஒருமுறையும், கண்பாப்பாவை விரிய வைத்தோ கேமராவில் படம் எடுத்தோ விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும்.

பட்டினி கிடக்கும் விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரந்துதான் குழாய்களை வரவழைக்கிறது என்று ஐசக் மைக்கேல்சன் 1948-இலேயே ஊகித்தார். அந்தப் பொருள் கையில் கிடைப்பதற்குள் லேசர் சிகிச்சை வந்துவிட்டது. விழித்திரையின் ஓரப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகளைச் சுட்டுவிட்டால் புதுக் குழாய்கள் சுருங்குகின்றன. கடும் பார்வையிழப்பு பாதிக்கும் கீழாகக் குறைகிறது என்று 1976-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஓரத்தைச் சுட்டால் வேறோர் இடத்தில் முளைத்த குழாய் ஏன் சுருங்க வேண்டும்? ஆக்சிஜனை விழுங்கும் உயிரணுக்கள் குறைகின்றன, மிச்சமுள்ளவற்றுக்கு இருப்பது போதுமானதாகிறது, வெஜ்எஃப் குறைகிறது என்பதே இன்று சொல்லப்படும் விளக்கம். நோயாளிகளின் கண்நீர்மத்தில் வெஜ்எஃப் மிகுந்திருப்பதை 1994-இல் லாயிட் பால் ஐயெல்லோவும் உடன் பணியாற்றியவர்களும் அளந்து காட்டினார்கள்.

பிறகு வந்தது ஊசி. பெவாசிசுமாப் என்ற மருந்து வெஜ்எஃப்பைப் பிடித்துச் செயலற்றதாக்கும் எதிர்ப்பான். புற்றுநோய்க்காக 2004-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. மறு ஆண்டே மயாமியில் கண் மருத்துவர் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் அதை மிகச் சிறிய அளவில் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். முதுமையில் விழித்திரை மையத்துக்கு அடியில் குழாய் முளைத்துப் பார்வையைப் பறிக்கும் நோய்க்குத்தான் முதலில் பயன்பட்டது. அதற்கு முன் அந்த நோய்க்குப் பார்வையைத் திருப்பித் தரும் சிகிச்சை ஏறக்குறைய இல்லை. கண்ணுக்கென்றே தயாரான ரனிபிசுமாப் 2006-இல் வந்தது. அதன் ஒரு ஊசி அமெரிக்காவில் 2,000 டாலர் அளவில் இருந்தது. சிறு அளவுகளாகப் பிரித்து நிரப்பிய பெவாசிசுமாப் 50 டாலர் அளவில் கிடைத்தது. இரண்டையும் மாதாமாதம் போட்டு ஒப்பிட்ட அரசு ஆய்வு, ஓராண்டு முடிவில் பார்வையில் இரண்டும் சமம் என்று 2011-இல் அறிவித்தது. ஏழை நாடுகளின் கண் சிகிச்சைக்கு இதைவிட உதவிய ஆய்வு கொஞ்சமே இருக்கும். ரனிபிசுமாப்புக்கு நிகரான உள்நாட்டு மருந்து 2015-இல் இந்தியாவிலேயே விற்பனைக்கு வந்தது.

ஊசியை நினைத்து அஞ்சுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம். கண்ணில் மரத்துப்போகச் செய்யும் சொட்டு விடுகிறார்கள், அயோடின் கரைசலால் கழுவுகிறார்கள், வெள்ளைப் பகுதி வழியாக மெல்லிய ஊசியில் 0.05 மில்லிலிட்டர் செலுத்துகிறார்கள். சில நொடிகளில் முடிந்துவிடும். அடுத்த சில நாட்களில் வலி கூடினால், கண் சிவந்தால், பார்வை மங்கினால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

மருந்தின் வீரியம் ஏறக்குறைய ஒரு மாதம். அது பிடிப்பது சுரந்துவிட்ட வெஜ்எஃப்பைத்தான். சுரக்க வைக்கும் பட்டினி அப்படியே இருக்கிறது. அதனால் இரண்டு ஊசியோடு பார்வை தெளிந்துவிட்டது என்று நிறுத்தினால் குழாய்கள் மறுபடி கிளம்பும். புதுக் குழாய் முளைத்த சர்க்கரை நோயாளிகளில், ஊசி மட்டும் போட்டுக்கொண்டு நடுவில் வராமல் போனவர்களின் கண்கள், லேசர் செய்துகொண்டு வராமல் போனவர்களின் கண்களைவிட மோசமாகியிருந்தது பின்னாளில் தெரியவந்தது. தொலைவிலிருந்து கூலி வேலையை விட்டு வர வேண்டியவருக்கு, புதியது என்பதற்காக ஊசியை மட்டும் நம்பச் சொல்வது சரியல்ல என்றே நான் நினைக்கிறேன். தவறாமல் வர முடியுமா என்பதை நோயாளியும் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சிகிச்சையின் தேர்வே அதைப் பொறுத்து மாறும்.

புற்றுநோயில் இந்தச் சிந்தனையைத் தொடங்கியவர் ஜூடா ஃபோக்மன். 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில், உடம்பிலிருந்து தனியே எடுத்து உயிரோடு வைத்திருந்த தைராய்டு சுரப்பிக்குள் புற்றணுக்களைச் செலுத்தினார். கட்டிகள் ஓரிரு மில்லிமீட்டர் வளர்ந்து அப்படியே நின்றுவிட்டன. அதே கட்டிகளை எலிக்கு மாற்றியபோது குழாய் முளைத்தது, கட்டி வேகமாகப் பெருத்தது. குழாய் வளர்ச்சியைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று 1971-இல் எழுதினார். பல ஆண்டுகள் பலரும் நம்பவில்லை.

அவர் சொன்னது சரிதான், ஆனால் முழுமையாக அல்ல. பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோயில் கீமோவோடு பெவாசிசுமாப்பும் சேர்ந்தபோது சராசரி ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமானது. மார்பகப் புற்றுநோய்க்கு 2008-இல் தந்த அனுமதியை, ஆயுளை நீட்டுவதாகத் தெரியவில்லை என்று 2011-இல் அமெரிக்க அரசு திரும்பப் பெற்றது. ஒரு வழியை அடைத்தால் கட்டி வேறு புரதங்களைக் கொண்டு குழாய் வளர்க்கிறது, அல்லது பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் குழாய்களைத் தழுவிக்கொள்கிறது. பாஸ்டனில் பணியாற்றும் ராகேஷ் ஜெயின் 2001-இல் வேறொரு கருத்தை முன்வைத்தார். கட்டியின் குழாய்கள் கோணலும் ஒழுகலுமாக இருப்பதால் கீமோ மருந்தே உள்ளே சரியாகப் போவதில்லை. வெஜ்எஃப்பை அளவோடு அடக்கினால் குழாய்கள் சிறிது காலம் சீராகி மருந்துக்கு வழிவிடும் என்றார். கட்டியைப் பட்டினி போடுவதைவிடப் பயனுள்ள எண்ணம் இது. கல்லீரல் புற்றுநோய்க்கு நோயெதிர்ப்பு மருந்தோடு பெவாசிசுமாப்பையும் சேர்த்துத் தரும் முறை 2020-இல் வந்தது.

குழாயை வளர வைக்கும் எதிர்ப்பக்கம் இன்னும் கடினம். அடைபட்ட இதயத்துக்கு வெஜ்எஃப் கொடுத்தால் புதுக் குழாய் வளரும் என்று எதிர்பார்த்துச் செய்த விவா ஆய்வு 2003-இல் வெளியானது. 60 நாள் முடிவில், மருந்தில்லாத ஊசி போட்டவர்களைவிட வெஜ்எஃப் பெற்றவர்கள் மேலாக இல்லை. குழாயை முளைக்க வைப்பது ஒரு புரதம். அதை உறுதிப்படுத்தி நிலைக்க வைக்கப் பல புரதங்கள், சரியான வரிசையில், போதிய காலம் வேண்டும்.

வெஜ்எஃப் உடம்புக்கு அன்றாடமும் தேவை என்பதை பெவாசிசுமாப்பின் பக்கவிளைவுகளே காட்டின. புற்றுநோய்க்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம், 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம் ரத்தத்தில் ஏற்றுகிறார்கள், கண்ணுக்கோ 1.25 மில்லிகிராம்தான். பெரிய அளவில் ஏற்றும்போது ரத்தக்கொதிப்பு ஏறுகிறது, சிறுநீரில் புரதம் போகிறது, காயம் ஆறத் தாமதமாகிறது.

ரத்தக்கொதிப்பும் சிறுநீரில் புரதமும் சேர்ந்து வருவதை மகப்பேறு மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பின் வரும் ப்ரீ-எக்ளாம்ப்சியாவின் அடையாளங்கள் அவை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து பாஸ்டனில் சிறுநீரக மருத்துவராக இருந்த அனந்த் கருமஞ்சியும் அவர் குழுவினரும் 2003-இல் அதன் காரணத்தை நெருங்கினார்கள். பாதிக்கப்பட்ட நஞ்சுக்கொடி ஒரு புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் விடுகிறது. அது வெஜ்எஃப்பைப் பிடித்து முடக்கிவிடுகிறது. பெவாசிசுமாப் செய்யும் வேலையை இங்கே தாயின் வயிற்றிலிருக்கும் ஓர் உறுப்பே செய்கிறது. அந்தப் புரதத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் கொதிப்பு ஏறியது, சிறுநீரில் புரதம் போனது.

இந்தப் புரதத்தை ரத்தத்தில் அளந்து, யாருக்கு நோய் முற்றப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனைக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. மிகுந்துள்ள புரதத்தை ரத்தத்திலிருந்து வடித்தெடுத்துக் கர்ப்பத்தைச் சில நாட்கள் நீட்டிக்க முடிவதைச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. இன்றைக்குக் கையிலுள்ள முழுத் தீர்வு, குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் வெளியே எடுப்பதுதான்; அதுவரை கொதிப்பை மருந்தால் அடக்கி, வலிப்பு வராமல் மெக்னீசியம் சல்ஃபேட் கொடுத்துக் காக்கிறார்கள். கர்ப்பிணிக்கு விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றே ரத்தக்கொதிப்பைப் பார்த்துவிட வேண்டும்.