உத்தியோக விண்ணப்பமும் சுயவிபரக் கோவையும்

கல்வியை முடித்து உத்தியோகம் தேடப் புகும் எம் மாணவருட் பலர், பரீட்சையிற் காட்டிய ஊக்கத்தில் ஒரு பங்கினைத்தானும் சுயவிபரக் கோவை எழுதுவதிற் காட்டுவதில்லை. தெரிவுச் சபையார் ஒருவரை நேரிற் காணுமுன்னரே அவ்விரண்டு தாள்கள் அவருக்காகப் பேசிவிடுகின்றன. அவை பேசத் தவறின் ஆற்றலுடைய இளைஞனும் வாயிலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றான். ஆதலின் அதனை எழுதும் முறையினைச் சிறிது ஆராய்வாம்.

தன்னைத் தான் புகழ்தல் தகாது என்னும் கூச்சமே முதற்றடை. ஆயின், பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலே அரசன் அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தம் ஆற்றலை அறியாதாரிடத்தும் தன்னைப் புகழ்தல் புலவோர்க்குத் தகும் என்று விதிக்கின்றது. விண்ணப்பம் இவ்விரண்டிடத்திற்கும் பொருந்துவதன்றோ?

எதனைக் கூறுவது என்பது அடுத்த வினா. 1482ஆம் ஆண்டளவில் லியொனார்டோ டா வின்சி, மிலான் நகரில் ஆட்சி நடாத்திய லுடோவிக்கோ ஸ்போர்சாவிடம் பணி வேண்டி ஒரு மடல் வரைந்தார். ஓவியரான அவர் பாலங்கள், பீரங்கிகள், முற்றுகைக் கருவிகள் ஆகியவற்றை முன்வைத்து, ஓவியத்தை ஈற்றிலேயே கூறினார். கொடுப்போனின் தேவையை அறிந்து எழுதிய மடல் அது. நாமும் விளம்பரத்தை இருமுறை வாசித்து, அப்பதவி வேண்டும் தகைமைகளை முதற் பக்கத்திலேயே வைத்தல் வேண்டும். அண்மையில் ஆற்றிய பணி முன்னும் பழையது பின்னும் வருதல் நன்று.

எவ்வாறு கூறுவது? “திறமையாகச் செயலாற்றினேன்” என்பது வெறுஞ் சொல். “விஞ்ஞான மன்றத்தின் பொருளாளராக 120 உறுப்பினரின் சந்தாவைச் சேர்த்துக் கணக்கினைக் கணக்காய்வுக்கு ஒப்படைத்தேன்” என்பது சான்று. சிங்களம் தெரியும் என்று பொதுவாக எழுதாது, வாசிப்பு, எழுத்து, பேச்சு என்பவற்றை வேறுபடுத்தி உள்ளவாறே காட்டுக. பொய்யாக எழுதிய ஒரு வரி நேர்முகப் பரீட்சையில் உண்மையான பத்து வரிகளையும் ஐயுறச் செய்யும்.

அரசாங்க வர்த்தமானியில் மாதிரிப் படிவம் தரப்பட்டிருப்பின் அதனை அணுவளவும் மாற்றலாகாது. கடிதவுறையின் இடப்பக்க மேல் மூலையிற் பதவியின் பெயரை எழுதுமாறு கேட்டிருப்பின் அதனையும் மறவாது செய்தல் வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கு இரண்டு பக்கங்கள் அமையும். உறவினரல்லாத இருவரைச் சான்றுரைப்போராகக் குறிக்குமுன் அவர்தம் சம்மதத்தைப் பெறுதல் முறை.

எழுதியதைப் பிறரொருவர் வாசித்துத் திருத்துதல் இன்றியமையாதது. வீட்டில் அத்தகைய உதவி இல்லாத மாணவர் எம் கல்லூரியிற் பலர். தெரிவுச் சபைகளில் அமர்ந்த அனுபவமுடைய பழைய மாணவரோ எம்முட் சிலரல்லர். அன்னார் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு மாணவனின் கோவையைப் பார்த்துக் கொடுப்பாராயின், அது கட்டடம் எழுப்புவதற்குக் குறையாத பணியாகும்.