உப்பு நீரும் வேரின் உயிரணுவும்

கோடையில் நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்போது, கடலை ஒட்டிய பகுதிகளில் கிணற்று நீர் உவர்க்கத் தொடங்குகிறது. சென்னையில் அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் பகுதிகளில் வீட்டுத் தோட்டம் போட்டிருப்போர் இதை நன்கு அறிவர். காலையில் நீர் ஊற்றியும் மாலையில் வெண்டைச் செடி வாடுகிறது. இலையின் நுனியும் ஓரமும் தீய்கின்றன. நீர் போதவில்லை என்று எண்ணி அதே நீரை மேலும் ஊற்றினால் செடி விரைவில் கெடுகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் செடி தவிப்பது ஏன்?

மாவடு காட்டும் பாடம்

மாவடுவை உப்பில் குலுக்கி வைத்தால், நாம் நீர் விடாமலே இரண்டொரு நாளில் ஜாடியில் நீர் விட்டுக்கொள்கிறது, வடு சுருங்குகிறது. உயிரணுவைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வு நீரை எளிதில் விடும். உப்பை அவ்வளவு எளிதில் விடாது. உப்பு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் நகரும். இதுவே சவ்வூடு பரவல்.

நல்ல மண்ணில் கரைந்த பொருள்கள் வேரணுவின் உள்ளே அதிகம், வெளியே குறைவு. ஆகவே நீர் உள்ளே வருகிறது. வெளியே உப்பு ஏறினால் இந்த வரத்து குறைந்து, பின் நின்றே போகும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. அதில் ஒரு பங்கு, 19 பங்கு நல்ல நீரில் கலந்தாலே லிட்டருக்கு 1.75 கிராம் ஏறிவிடும். உப்பைத் தாங்காத காய்கறிகளுக்கு இதுவே அதிகம். மயிலாப்பூர், தியாகராய நகர் மொட்டை மாடிகளில், தொட்டிச் செடிக்கு உரத்தை அள்ளிப் போட்டுக் கருக விடுவதும் இதே காரணத்தால்தான்.

சவ்வின் வாயில்கள்

சவ்வில் நீருக்கும் அயனிகளுக்கும் தனித்தனி வாயில்கள் உண்டு. நீர் வாயிலைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேயும், அயனி வாயிலின் அமைப்பை விளக்கிய ராடெரிக் மெக்கின்னனும் 2003-ல் நோபல் பரிசு பெற்றனர்.

மனித உடலின் உயிரணு, மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. பயிரின் உயிரணுவில் இந்த ஏற்பாடு இல்லை. அது முதலில் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி நுழையும் விசையைக் கொண்டு சோடியத்தை வெளியேற்றுகிறது. மீதியை நுண்குமிழ்ப்பை என்னும் உள்ளறையில் பூட்டி வைக்கிறது. இதற்குச் சக்தி தேவை; சக்திக்கு வேர் சுவாசிக்க வேண்டும். எனவே உப்புள்ள மண்ணில் நீரும் தேங்கினால் பயிருக்கு இரட்டைத் தீங்கு.

கண்டலும் நெல்லும்

அடையாற்றுக் கழிமுகத்தில் வெண்கண்டல் மரம் செழித்து நிற்கிறது. அதன் வேர் உப்பின் பெரும் பகுதியை வடிகட்டுகிறது; மீறி வந்ததை இலையின் சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. இலையில் உப்புப் படிவதைக் காணலாம். தரமணியில் டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் 1988-ல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தில், டாக்டர் அஜய் பரீடா குழுவினர் வெண்கண்டலின் மரபணுக்களைப் பிரித்து நெல்லில் சேர்த்து ஆராய்ந்தனர். அந்த நெல் இன்னும் சாகுபடிக்கு வரவில்லை.

ஆனால் நெல்லிலேயே தாங்கும் திறன் உண்டு. கேரளத்தின் பொக்காளி, வங்கத்தின் நோனா பொக்ரா இதற்குச் சான்று. வேரிலிருந்து மேலேறும் சாற்றில் கலந்த சோடியத்தைத் திரும்ப இழுத்து, இலைக்குப் போகாமல் தடுக்கும் மரபணு நோனா பொக்ராவில் 2005-ல் கண்டறியப்பட்டது. தமிழக உழவர்களுக்குக் கோ 43, திருச்சி 1, திருச்சி 3 ஆகிய ரகங்கள் உள்ளன.

செய்ய வேண்டியவை

1. மண்ணையும் நீரையும் பரிசோதிக்காமல் மருந்தோ உரமோ வாங்க வேண்டாம். உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. களர் நிலத்துக்கு ஜிப்சம் பலன் தரும். வெறும் உவர் நிலத்தில் ஜிப்சம் வீண் செலவு. அங்கே நல்ல நீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிப்பதே வழி.

2. வடிகால் இன்றி உப்பைக் கழுவ முடியாது. முதலில் வடிகாலை வெட்ட வேண்டும்.

3. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் உப்பை அதிகம் தாங்காது. இவ்விரு பருவங்களுக்கும் நல்ல நீரை ஒதுக்க வேண்டும். சற்று முதிர்ந்த நாற்றை நடுவது நலம்.

4. சோடியம் பொட்டாசியத்தின் வாயில் வழியாகவும் நுழையும். சாம்பல் சத்துக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. தோட்டத்தில் தொழு உரம் இட்டு மூடாக்குப் போட வேண்டும். உவர் நீரை இலை மீது தெளிக்கக் கூடாது. தொட்டியின் அடித்துளை அடைபடக் கூடாது.

கடலோர மணலில் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை உப்பு நீர் தள்ளி நிற்கும். அளவுக்கு மீறி இறைத்தால் அதே கணக்கில் உப்பு மேலேறும். தமிழகத்தில் 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பின் பயன் இங்கேதான் விளங்கும். ஐப்பசி மழைக்கு முன்பே சேகரிப்புக் குழியைத் தூர் வாரி வைத்தால், அடுத்த கோடையில் வேரின் சுமை குறையும்.