நைட் ஷிப்டு பார்ப்பவர்களே உஷார்! தூக்கம் கெட்டால் உடம்பு என்னாகும்?

சென்னை:-

சென்னை நகரம் ராத்திரியிலும் தூங்குவது இல்லை. கோயம்பேடு மார்க்கெட்டில் ஊர் அடங்கிய பிறகுதான் காய்கறி லாரிகள் வரிசை கட்டுகின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்கள் நேரங்கெட்ட நேரத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகின்றன. ஆம்னி பஸ் டிரைவர்கள், வாட்ச்மேன்கள், நர்சுகள், கால் சென்டர் ஊழியர்கள் என்று கண் விழித்து பிழைப்பவர்கள் ஏராளம்.

"நாங்க தூங்கிட்டா வீட்டுல அடுப்பு யாரு எரிய வைக்கிறது?" என்பதுதான் இவர்களின் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் தூக்கத்தை தொடர்ந்து விற்றால், ஓவர்டைம் காசு மருந்து கடைக்கு போய்விடும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

எத்தனை மணி நேரம்?

பெரியவர்கள் தினமும் குறைந்தது 7 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்க தூக்க மருத்துவ நிபுணர்கள் 2015-ம் ஆண்டு பரிந்துரை செய்தனர். 6 முதல் 12 வயது பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தேவை.

"எனக்கு 5 மணி நேரமே போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களில் பலருக்கு பழகிப் போனதே தவிர, உடம்புக்கு பத்தவில்லை என்பதே உண்மை.

இலவச பழுது பார்ப்பு

தூக்கம் என்பது சும்மா கிடப்பது அல்ல. ஆழ்ந்த தூக்கத்தில் ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் இறங்கி, இதயத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. தேய்ந்து போன தசைகளை சரி செய்யும் வளர்ச்சி ஹார்மோன் அப்போதுதான் அதிகம் சுரக்கிறது. பகலில் படித்தது, பழகியது எல்லாம் மூளையில் பதிவதும் அந்த நேரத்தில்தான்.

1999-ம் ஆண்டு நடந்த ஆய்வில், ஆரோக்கியமான 11 வாலிபர்களை 6 நாட்கள் வெறும் 4 மணி நேரம் மட்டும் தூங்க வைத்தனர். ரத்தத்தில் உள்ள சர்க்கரையை கட்டுப்படுத்தும் சக்தி அவர்களுக்கு மளமளவென குறைந்தது. சர்க்கரை நோயின் ஆரம்பத்தில் காணப்படும் நிலை அது.

2009-ல் வெளியான இன்னொரு ஆய்வில், 7 மணி நேரத்துக்கும் குறைவாக தூங்கியவர்களுக்கு, 8 மணி நேரம் தூங்கியவர்களை விட சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 3 மடங்கு இருந்தது தெரியவந்தது.

தூக்கம் குறைந்தால் பசியை தூண்டும் ஹார்மோன் கூடுகிறது. "வயிறு ரொம்பிடுச்சு" என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. நைட் ஷிப்டில் பரோட்டா, பஜ்ஜி மேல் கை போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடிக்காமலே போதை

காலை 6 மணிக்கு எழுந்த டிரைவர், ராத்திரி 11 மணிக்கு ஸ்டியரிங்கில் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் கண் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. அப்போது அவருடைய நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லி கிராம் ஆல்கஹால் உள்ளவரின் நிதானத்துக்கு சமம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் நாட்டு சட்டம் அனுமதிக்கும் அளவோ 30 மில்லி கிராம்தான்! 24 மணி நேரம் விழித்திருந்தால் 100 மில்லி கிராம் அளவுக்கு போய்விடும்.

போலீசார் ஊதச் சொன்னால் இந்த போதை கருவியில் காட்டாது. அதுதான் ஆபத்து.

80 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் டிரைவர் 3 வினாடி கண் அசந்தால், வண்டி சுமார் 66 மீட்டர் தூரம் ஓட்ட ஆளில்லாமல் ஓடும். விடியற்காலை 2 மணி முதல் 6 மணி வரை தூக்கம் மிகவும் அழுத்தும் நேரம்.

1961-ம் ஆண்டு வந்த மோட்டார் தொழிலாளர் சட்டமே நாள் ஒன்றுக்கு 8 மணி நேர வேலை, அடுத்த டூட்டிக்கு முன்பு தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு என்று எழுதி வைத்தது. டிரைவரின் தூக்கம் பயணிகளின் உயிர் என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

பகலில் தூங்கினால் போதாதா?

உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த 3 விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. வெளிச்சம் பட்டால் "எழுந்திரு" என்கிறது அந்த கடிகாரம். அதனால்தான் பகல் தூக்கம் அரைகுறையாக கலைகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இரவு வேலையை "புற்றுநோய்க்கு காரணமாக இருக்கக்கூடும்" என்ற பட்டியலில் 2007-ல் சேர்த்தது. 2019-லும் அதை உறுதி செய்தது. நைட் ஷிப்டு பார்க்கும் எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பயந்து வேலையை விட வேண்டாம். கவனமாக இருந்தால் போதும்.

என்ன செய்யலாம்?

* ஷிப்டு முடிந்து வந்ததும் அறையை இருட்டாக்குங்கள். ஜன்னலில் கனமான போர்வையை தொங்க விடலாம். ஒரே அறை உள்ள வீடு என்றால் கண்ணை துணியால் கட்டிக் கொள்ளலாம்.

* வீட்டில் இருப்பவர்கள் டி.வி. சத்தத்தை குறைத்து ஒத்துழைக்க வேண்டும். அவரது பகல் 11 மணி, உங்கள் ராத்திரி 2 மணிக்கு சமம்.

* படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே டீ, காபியை நிறுத்துங்கள்.

* "ஒரு கட்டிங் போட்டா நல்லா தூக்கம் வரும்" என்பது தப்பு கணக்கு. சீக்கிரம் தூக்கம் வரும், பாதியில் கலைந்துவிடும்.

* வண்டி ஓட்டும்போது கண் சொருகினால் பாட்டு, ஜன்னல் காற்று எதுவும் காப்பாற்றாது. பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி, ஒரு காபி குடித்து விட்டு 20 நிமிடம் தூங்கி எழுங்கள்.

* தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கி போடாதீர்கள்.

* பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால், 8 மணி நேரம் படுத்தாலும் அசதி தீராது. பக்கத்தில் படுப்பவர்தான் இதை கவனித்து சொல்ல முடியும். இதற்கு சிகிச்சை உண்டு. டிரைவர்கள் தாமதிக்காமல் காது, மூக்கு, தொண்டை டாக்டரையோ, நுரையீரல் டாக்டரையோ பார்ப்பது நல்லது.