உண்ணாநோன்பும் உடலின் எரிபொருளும்

கந்தசட்டி ஆறு நாளும் நீர் மட்டும் அருந்தி நோன்பிருப்போர் நம்மிடையே உளர். உணவு செல்லாதபோதும் அவருடலில் வெப்பமும் இயக்கமும் நின்றுவிடுவதில்லை. எங்ஙனம்?

காபோவைதரேற்று, புரதம், கொழுப்பு மூன்றும் சத்தி தருவன எனப் பாடநூல்கள் ஒரே வரியிற் கூறிவிடும். அவ்வரி மாணவரை மயக்குகின்றது. மூன்றும் ஒரே தன்மையன அல்ல.

சோற்றின் மாப்பொருள் குளுக்கோசாகிக் குருதியிற் கலக்கும். மிகுதியிற் பெரும்பாகம் கிளைக்கோசனாக ஈரலிலும் தசையிலும் தங்கும். தசையிலுள்ளது அத்தசைக்கே பயன்படும். குருதிக்கு வழங்கவல்ல ஈரற் சேமிப்போ ஏறத்தாழ 100 கிராமே. ஒரு நாட் பட்டினியில் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அப்பாற் கொழுப்புக் கைகொடுக்கும். காபோவைதரேற்றும் புரதமும் கிராமுக்கு 4 கிலோகலோரி தரக் கொழுப்பு 9 தரும். இதயமும் தசைகளும் கொழுப்பமிலத்தை நன்கு எரிக்கும். மூளையோ அதனை ஏலாது. மூளை நாடோறும் வேண்டுவது ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோசு. கொழுப்பமிலத்தைக் குளுக்கோசாக்கும் ஆற்றல் நம்முடலுக்கு இல்லை. எனவே தசைப் புரதம் அமினோவமிலங்களாகச் சிதைந்து ஈரலிற் குளுக்கோசாக மாறும். புரதத்துக்கெனத் தனிக் களஞ்சியம் இல்லையாதலின், இது வீட்டு வளையைத் தறித்து அடுப்பெரிப்பது போன்றது.

இச்சிதைவு அதே வேகத்தில் நீடிப்பின் உடல் நெடுநாள் தாங்காது. ஆயின் நாட்செல்ல, ஈரல் கொழுப்பைக் கீற்றோன்களாக மாற்ற, மூளை அவற்றை ஏற்கும். 1967இல் அமெரிக்காவில் ஓவன், காகில் முதலியோர், ஐந்தாறு வாரம் உண்ணாதிருந்த மூவரை ஆராய்ந்து, அவர்தம் மூளை எரித்தவற்றுட் பெரும்பகுதி கீற்றோனே எனக் கண்டனர். அதனாற் புரதச் சிதைவு குறையும்.

இன்சுலின் ஏற்றும் நீரிழிவு நோயாளர் மருத்துவரை வினவாது நோன்பேற்றலாகாது. மருந்து மிகின், அது குருதி வெல்லத்தை இறக்குவதோடு, ஈரல் குளுக்கோசு வழங்குவதையும் கீற்றோன் ஆக்குவதையும் ஒருங்கே தடுக்கும். மூளைக்கு இரு வழியும் அடைபடும்.